கைப்பேசிச் சங்கீதமும் கருவித் தெரிவும்

உள்ளத்தில் எழும் இசையை வெளியிடுதற்கு மனிதன் ஒரு கருவியை நாடுவது இயல்பு. அக்கருவி கிடைத்தற்கு அரிதாயிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு வீணைக்கோ ஒரு பிடிலுக்கோ ஒரு குடும்பம் பல்லாண்டு பொருள் சேர்த்த செய்தியை நம் மூதாதையர் வரலாறுகளிற் காண்கின்றோம். இக்காலத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. கலாசாலை மாணவர் ஒருவர் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியை எடுத்து விரலால் இருமுறை தொடுவாராயின், மென்பொருள் சிந்தசைசர் ஒன்று அவர் கைக்கு வந்துவிடுகின்றது. அதனை அடுத்து இன்னொன்று, அதன்பின் வேறொன்று. சில திங்களுள் முப்பது நாற்பது கருவிகள் ஒரு சிறு திரையிற் குவிந்துவிடுகின்றன. குவிந்த கருவிகளுக்கு ஏற்பப் பாட்டும் பெருகிற்றோ என்று வினவுவோமாயின், பெரும்பாலும் இல்லை என்னும் விடையே கிடைக்கின்றது. தொடங்கிய மெட்டுக்கள் பல. முடிந்தவை மிகச் சில.

இந்நிலையைக் குறித்து நம் கலாசாலை அன்பர்கள் சிறிது சிந்தித்தல் நலமெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம். யாம் சாதிக்கப்புகுவது இதுவே: கைப்பேசியில் இசை இயற்றக் கருதும் மாணவர் தம்மிடமுள்ள கருவிகளை மூன்றாகச் சுருக்கிக் கொள்ளுதல் வேண்டும், அம்மூன்றையும் பழுதறப் பயிலுதல் வேண்டும், எஞ்சியவற்றை நீக்கிவிடுதல் வேண்டும். இது கருமித்தனமும் அன்று, புதுமையை வெறுக்கும் பழமைப் பற்றும் அன்று. கலை வளர்ந்த வழி அதுவே என்பதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது.

முதற்கண் இக்கருவிகள் எங்ஙனம் தோன்றின என்பதை நோக்குவோம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பார் கணக்கிடும் பொறியொன்றைக் கொண்டு இசையொலியை உண்டாக்கும் மென்பொருளை இயற்றினார். 1964ஆம் ஆண்டில் ராபர்ட் மூக் என்பார் மின்னோட்டத்தால் இயங்கும் சிந்தசைசரை வெளியிட்டார். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஜான் சௌனிங் கண்டறிந்த எப்.எம். என்னும் முறையைக் கைக்கொண்டு, 1983ஆம் ஆண்டில் யமஹா நிறுவனத்தார் டி.எக்ஸ். 7 என்னும் கருவியை உலகிற்கு அளித்தனர். அதே ஆண்டில் கருவிகள் தம்முள் உரையாடுதற்குரிய மிடி என்னும் பொதுமொழியும் வழக்கிற்கு வந்தது. 1996ஆம் ஆண்டில் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் வகுத்த முறையால், கணினியினுள்ளே மென்பொருட் கருவிகளை வேண்டியவாறு பொருத்திக்கொள்ளுதல் எளிதாயிற்று. 2010ஆம் ஆண்டில் ஐபேட் தோன்றிய பின்னரோ, ஒருகாலத்தில் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த பொறிகளெல்லாம் உள்ளங்கை அகலத்தினுள் அடங்கிவிட்டன.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி உணர்தல் வேண்டும். செயலிகள் ஆயிரமாயினும் அவற்றின் உள்ளீடான வகைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். ஒலியலைகளை நிரம்ப எழுப்பி, வேண்டாத பகுதியை வடிகட்டியால் நீக்குவது ஒரு வகை. மூக்கின் கருவிகளும் அவற்றைப் பின்பற்றியனவும் இவ்வகையின. ஓர் அலையைக்கொண்டு மற்றோர் அலையை அசைப்பது இரண்டாம் வகை, இதுவே எப்.எம். முறை. மெய்யான வாத்தியத்தின் ஒலியைத் துணுக்குத் துணுக்காகப் பதிவுசெய்து வைத்து ஒலிக்கச் செய்வது மூன்றாம் வகை. தந்தி, குழல் முதலியவை அதிரும் இயல்பைக் கணிதத்தால் உருவாக்குவது நான்காம் வகை. இவற்றின் கிளைகளும் கலப்புக்களும் வேறு சில உண்டு. ஆகவே நாற்பது செயலிகளை வைத்திருக்கும் மாணவர் நாற்பது வாத்தியங்களை உடையவரல்லர். நான்கைந்து வாத்தியங்களை நாற்பது சட்டைகள் உடுத்தி வைத்திருப்பவரே ஆவர். திரையின் வண்ணமும் குமிழ்களின் அமைப்பும் மாறுபடுகின்றன. உள்ளே நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. இதனை அறிந்த அளவிலேயே சுருக்கும் வேலை பாதி முடிந்ததென்னலாம்.

நிற்க. கையடக்கமான கருவியொன்று வெளிநாட்டினின்று வந்து நம் இசையைப் பற்றிக்கொண்டது இது முதன்முறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் மாநகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பாரால் உருவாக்கப்பெற்ற ஆர்மோனியம், பின்னர்க் கல்கத்தாவில் கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாக மாற்றப்பெற்று நாடெங்கும் பரவிற்று. தூக்கிச் செல்ல எளிது, விலை குறைவு, சுருதி கலையாது. ஆதலின் தமிழ் நாடக மேடை அதனை இருகை நீட்டி ஏற்றது. நாடகத் தந்தையெனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் ஆர்மோனியமே மேடையின் உயிர்நாடியாயிருந்தது. அப்பெரியார் 1922ஆம் ஆண்டில் நம் புதுவையிலேயே உயிர்நீத்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயர் தாங்கி அமைந்தது. பாடகரின் சுருதியை ஐந்து கட்டை, ஆறு கட்டை என்று நாம் இன்றளவும் கூறுவது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியே அன்றோ? ஒரு கருவியை ஒரு சமூகம் முழுதும் ஒருங்கே பயின்றமையால், அக்கருவி நம் மொழியினுள்ளும் புகுந்துவிட்டது.

ஆயினும் அதன் குறையையும் நம் முன்னோர் அறியாரல்லர். ஆர்மோனியத்தின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே நிற்கும் நுண்சுரத்தை அஃது ஒலிக்கமாட்டாது. ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லவும் மாட்டாது. இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலியார் 1940ஆம் ஆண்டில் அதனை விலக்கினர். 1971ஆம் ஆண்டு வரை அவ்விலக்கு நீடித்தது. அத்தடை மிகையானதா என்பது வேறு கேள்வி. கமகமே நம் இராகத்தின் உயிர் என்ற கொள்கை அதனடியில் இருந்ததென்பதே நாம் கருதத்தக்கது.

இதற்கு மாறாகப் பிடிலை நோக்குக. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பிடிலைப் பயின்று நம் இசைக்கு ஏற்றதாக்கினார். அக்காலத்தில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர் பாண்டு வாத்தியக் குழுக்களில் கருவிகள் பல இருந்தன. அவையனைத்தையும் அவர் வாரிக்கொள்ளவில்லை. கமகத்திற்கு இடங்கொடுக்கும் ஒன்றைத் தெரிந்தெடுத்தார், அதிலேயே உழைத்தார். இருநூறு ஆண்டுகட்குப் பின்னும் பிடிலில்லாத கச்சேரி நமக்கு அரிதாயிருக்கின்றது. நம் காலத்தில் உ. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்தபோதும் அவ்வாறே செய்தார். அக்கருவியின் இரட்டைத் தந்திகளை விடுத்து ஒற்றைத் தந்திகளாக அமைத்துக்கொண்டு, அதனையே தம் குரலாக்கிக் கொண்டார். பெருக்கத்தால் அன்று, தெரிவினால் நம் இசை பிறநாட்டுக் கருவிகளை வென்றது என்பது இவற்றால் வெள்ளிடைமலை.

சிந்தசைசர்களின் சரித்திரத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1969ஆம் ஆண்டில் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பெற்றது. அந்த ஒற்றைக் கருவியைச் சூழ்ந்து அமர்ந்து, 1972ஆம் ஆண்டு வரை சிலர் இயற்றிய இசை நாடாக்களில் உறங்கிக் கிடந்து, 2023ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. இன்னும் வியக்கத்தக்கது பம்பாயில் வாழ்ந்த சரண்ஜித் சிங் என்பாரின் செயல். அவர் 1982ஆம் ஆண்டில் ரோலண்டு நிறுவனத்தாரின் மூன்று கருவிகளை மட்டும் கொண்டு பத்து இராகங்களை ஓர் இசைத்தட்டில் அமைத்தார். ஜூப்பிட்டர் 8 இராகத்தைப் பாடிற்று, டி.பி. 303 அடிச்சுரத்தை வழுக்கி வழுக்கி இசைத்தது; டி.ஆர். 808 தாளம் போட்டது. அக்காலத்தில் அதனை வாங்குவார் அரியர். 2010ஆம் ஆண்டில் மறுபதிப்பாக வெளிவந்தபோதோ, 1987ஆம் ஆண்டில் சிகாகோ நகரிற் புகழ்பெற்ற ஒரு நடன இசைமுறையை ஐந்தாண்டு முன்னரே ஓர் இந்தியர் தொட்டுவிட்டாரென உலகம் வியந்தது. மூன்று கருவிகள்! நம் மாணவர் ஒருவர் கைப்பேசியில் இன்று உறங்கும் கருவிகளின் தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

நம் ஊரிலேயே, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்த சுனில் பட்டாச்சார்யா என்பார், ஸாவித்ரி காவியத்திற்கு நெடுங்காலம் இசையமைத்தார். அவ்விசையில் மின்னணு விசைப்பலகைகளும் இடம்பெற்றன. ஒரே காவியம், ஒரே ஊர், பல்லாண்டு உழைப்பு. புதுவைக்கு இத்தகைய முயற்சி புதிதன்று என்பதற்காக இதனைக் குறித்தோம்.

இனி, எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுப்பது என்னும் வினாவிற்கு வருவோம். யாம் நான்கு சோதனைகளைக் கூறுகின்றோம்.

முதலாவது கமகச் சோதனை. மிடி முறையில் சுரத்தை வளைக்கும் வசதி தொடக்க முதலே உண்டு. ஆயின் அவ்வளைவு ஒரு தடத்திலுள்ள எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைப்பதாயிருந்தது. 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற எம்.பி.இ. என்னும் முறையால் ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியே வளைக்கலாயிற்று. விரல் நகர்ந்தால் சுரமும் நகர வேண்டும் என்னும் வேட்கை பழையதே. பிரான்சு தேசத்து மோரிஸ் மார்த்தனோ என்பார் 1928ஆம் ஆண்டில் அரங்கேற்றிய மின்வாத்தியத்தில், விரலிலணிந்த வளையமொன்றை இழுத்துச் சுரத்தை வழுக்கச் செய்தனர். இன்று கண்ணாடித் திரையில் அஃது எளிதாயிற்று. மாணவர் செய்ய வேண்டுவது இதுவே: புதிய செயலியிலே தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாததாயின், அது நம் இராகத்தைப் பாடுதற்குரிய கருவியன்று. துணையிசைக்கு வேண்டுமாயின் பயன்படலாம்.

இரண்டாவது தாமதச் சோதனை. விரல் தொட்டதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே பத்து மில்லி விநாடி கழிவதாகக் கொள்வோம். அஃது ஏறக்குறைய 11 அடி தொலைவில் நிற்பவரின் வாத்தியத்தைக் கேட்பதை ஒக்கும். பெரிதும் இடர் செய்யாது. நூறு மில்லி விநாடியாயினோ, நூறடிக்கும் அப்பால் நிற்பவரோடு சேர்ந்து தாளம் போடுவதற்கு ஒப்பாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இக்குறை நெடுங்காலம் இருந்தது; 2017ஆம் ஆண்டு முதல் அம்முறைமையிற் செய்யப்பெற்ற திருத்தங்களால் குறைந்து வருகின்றது. கம்பியில்லாத புளூடூத் செவிக்கருவியை அணிந்து வாசித்துவிட்டு, செயலியைக் குறைகூறுவார் பலர். தாமதம் பெரும்பாலும் அச்செவிக்கருவியினது. கம்பியுள்ள எளிய செவிக்கருவியொன்று, விலையுயர்ந்த செயலி பலவற்றினும் மிக்க பயன் தரும்.

மூன்றாவது நிலைபேற்றுச் சோதனை. 2017ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் ஐ.ஓ.எஸ். 11 என்னும் பதிப்பை வெளியிட்டபோது, 32 பிட் முறையில் எழுதப்பெற்றுப் புதுப்பிக்கப்படாத செயலிகளெல்லாம் ஒரே நாளில் இயங்காதொழிந்தன. அவற்றினுள் இசைக்கருவிகளும் பல. மரத்தாற் செய்த வீணை நூறாண்டு நிற்கும். செயலியின் ஆயுள் அதனை இயற்றியவரின் ஊக்கத்தைப் பொறுத்தது. ஆதலின் புதுப்பிக்கப்பெற்று வருகின்றதா என்பதையும், இயற்றிய இசையைப் பொதுவான ஒலிக்கோப்பாக வெளியே எடுக்க இயலுமா என்பதையும் பார்த்தே ஒரு கருவியிடம் நம் உழைப்பை ஒப்படைத்தல் வேண்டும்.

நான்காவது அறிவுச் சோதனை. ஆயத்தமாயுள்ள ஒலிகளையெல்லாம் நீக்கிவிட்டு, வெறும் அலையொன்றினின்று தாம் விரும்பும் ஒலியைத் தாமே உருவாக்க மாணவரால் இயலுகின்றதா? இயலாதாயின், அக்கருவி அவருடையதன்று; பிறர் செய்து வைத்த ஒலிகளைப் புரட்டிப் பார்க்கும் புத்தகமே அது. மாதமொன்று முயன்றும் விளங்காத கருவியை விடுத்து விளங்கும் கருவியைக் கைக்கொள்க.

இச்சோதனைகளின் வழியே யாம் வந்தடைந்த முடிவு இது. இராகம் பாடுதற்கு ஒன்று, ஒலியின் இலக்கணத்தைக் கற்பதற்கு ஒன்று, துணையிசைக்கும் பதிவுக்கும் ஒன்று, ஆக மூன்று. முதலாவதற்கு, ஐபேடிலும் ஐபோனிலும் இயங்கும் ஜியோஷ்ரெட் ஏற்றது. தந்தியின் அதிர்வைக் கணிதத்தால் உருவாக்கும் நான்காம் வகையைச் சார்ந்தது இது. மகேஷ் ராகவன் முதலியோர் ஐபேடில் கர்நாடக இராகங்களைக் கமகத்தோடு வாசித்துக் காட்டியிருப்பது இதற்குத் தக்க சான்று. இரண்டாவதற்கு, 2018ஆம் ஆண்டில் ஐபேடுக்கென வெளிவந்த ஆடியோகிட் சிந்த் ஒன் சாலும். அஃது இலவசமானது, அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்துள்ளது. மூன்றாவதற்கு, ஆப்பிள் கருவியுடையோர்க்கு விலையின்றிக் கிடைக்கும் கராஜ்பேண்டு போதும். ஆண்ட்ராய்டு உடையோர்க்குப் பேண்ட்லாப் உண்டு. பழைய கைப்பேசியே உடையவர் சன்வாக்ஸ் என்பதனைப் பயிலலாம், ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ்., கணினி ஆகிய எவ்விடத்தும் ஒரே கோப்பைத் திறக்க அது வசதியளிக்கின்றது. பெயர்கள் காலத்தோடு மாறலாம். மூன்று பணி, மூன்று கருவி என்னும் அளவே யாம் வற்புறுத்துவது.

இதற்கு மறுப்புக்கள் எழாமலிரா. இலவசமாய்க் கிடைப்பதை ஏன் விலக்க வேண்டும் என்பார் சிலர். பொருள் செலவில்லை என்பது மெய்யே; காலம் செலவாகின்றது. மாலையில் மாணவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதனைப் புதிய செயலியின் ஆயத்த ஒலிகளைக் கேட்பதிற் கழித்தால் பாட்டு எப்போது பிறக்கும்? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முதுமொழி. மேலும், எல்லாச் செயலிகளும் இலவசமல்ல. இன்று கொஞ்சம் நாளை கொஞ்சமாகக் கொடுத்த தொகை ஆண்டிறுதியிற் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல புல்லாங்குழலின் விலையை எட்டும். நம் மாணவரிற் பலர் மீனவர் இல்லங்களினின்றும், நெசவுத் தொழிலாளர் இல்லங்களினின்றும் வருகின்றனர். அவர்களுடைய கைப்பேசியிற் சேமிப்பிடமும் குறைவு, வீட்டிற் பொருளும் குறைவு. நிறையக் கருவியிருந்தாலன்றி இசை இயற்ற இயலாதென்னும் எண்ணம் பரவுமாயின், முதலிற் பின்வாங்குவோர் அவர்களே. அதுவே எமக்குப் பெருங்கவலை.

சினிமா இசையமைப்பாளர் நூற்றுக்கணக்கான கருவிகளை வைத்திருக்கின்றனரே என்பார் வேறு சிலர். வைத்திருப்பதும் வாசிப்பதும் வேறு. ஏ. ஆர். ரகுமான் 2009ஆம் ஆண்டில் டில்லி 6 என்னும் படத்தின் பாடலொன்றில் கண்டின்யூம் என்னும் கருவியைக் கையாண்டார். அது விரலின் ஒவ்வோர் அசைவையும் பின்தொடர்வது, கட்டைகளற்றது, பயிற்சியின்றிச் சுருதி சேராதது. கடையில் வாங்கிய அன்றே அது பாடிவிடாது. கருவிகள் பலவற்றை வாங்கவல்லவரும் ஒன்றன் முன் அமர்ந்து பழகித்தான் ஆகவேண்டும் என்பதே அதனால் விளங்குவது.

புதுமையைத் தேடுதலே தவறென யாம் கூறவில்லை. ஆண்டிற்கொருமுறை புதியதொன்றை ஆராய்க. மூன்றனுள் ஒன்றினும் அது சிறந்ததென ஐயமறத் தெளிந்தால், பழையதை விடுத்து அதனை ஏற்க. தொகை மட்டும் மூன்றினின்று ஏறாதிருப்பதாக.

தனியொருவர் செய்வதினும் சங்கமாகச் செய்தல் சிறந்தது. நம் கலாசாலையின் இசைச் சங்கத்தார் ஆண்டுத் தொடக்கத்தில் கூடி, மாணவர் யாவரும் பயிலத்தக்க மூன்று கருவிகளைத் தேர்ந்து அறிவிப்பாராக. யாவரும் ஒன்றனையே பயின்றால், மூத்த மாணவர் கற்றதை இளையோர்க்குச் சொல்லித் தர இயலும். ஒருவர் அமைத்த ஒலியை மற்றவர் தம் பாட்டிற் சேர்த்துக்கொள்ள இயலும். ஆர்மோனியம் தமிழ் மேடையில் வேரூன்றியது இவ்வாறேயன்றோ? முடிந்த பாட்டுக்களை ஒலிக்கோப்பாக்கி நூல்நிலையத்திற் சேர்த்து வைத்தல் இரண்டாவது கடமை. செயலி மறைந்தாலும் பாட்டு மறையாது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் பொங்கல் விழாவிற்கும் மாணவரே இயற்றிய இசை ஒலிக்குமாறு செய்தல் மூன்றாவது. இந்நாள் மாணவர்க்குக் கம்பியுள்ள செவிக்கருவியும் சிறு ஒலிபெருக்கியும் வாங்கித் தருவதைப் பழைய மாணவர் சங்கத்தார் மேற்கொள்வாராயின், சிறு செலவிற் பெரும்பயன் விளையும்.

தாலந்துகளைப் பற்றிய வேதாகம உவமையை நம் மாணவர் அறிவர். ஐந்து தாலந்து பெற்றவனும், இரண்டே பெற்றவனும் தத்தம் முதலை இருமடங்காக்கியபோது, எஜமானன் இருவரையும் ஒரே வகையாகவே பாராட்டினான். பெற்ற தொகை அங்கே வினவப்படவில்லை. பெற்றதைக்கொண்டு செய்தது என்ன என்பதே வினவப்பட்டது. இசைக்கருவிக்கும் அதுவே நியாயம்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் உங்கள் கைப்பேசியிலுள்ள கருவிகளை எண்ணிப் பாருங்கள்; மேற்கூறிய சோதனைகளுக்கு உட்படுத்துங்கள்; மூன்றை நிறுத்தி ஏனையவற்றை நீக்குங்கள். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் ஒரு பாட்டையேனும் தொடங்கி, நடத்தி, முடித்துக் கொணருங்கள். அதனைக் கேட்க யாம் ஆவலோடிருக்கின்றோம்.